மாமனாருக்கு டேபிள் ஃபேன் போட்ட கதை

புண்ணுன்னா காயணும், காஞ்சா ஆறிடும். எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் இவ்ளோதான். இதை வெச்சுக்கிட்டே ஒரு ஆபரேஷனை நிறுத்தினவன் நான்.

ஆபரேஷன் என் மாமனாருக்கு. தொண்ணூறுகள்ல, பம்மல் வீட்டு மாடிப்படியில விழுந்து அவருக்கு இடுப்புக்குக் கீழ மரத்துப்போச்சு. மல்லாக்கவே கெடந்ததுல முதுகுக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். தாம்பரம் ஆஸ்பத்திரியில செத்த சதையை வெட்டி எடுத்துட்டு டாக்டர் சொன்னார்: "சலைன்ல நனைச்ச காஸ் துணி வெச்சுக் கட்டுங்க. காய விடாதீங்க. அடியில சதை செவப்பா வந்தாதான் பக்கத்துச் சதையைத் திருப்பி மூடித் தைக்க முடியும்."

தெச்சுட்டா வீல்சேர்ல உக்காரலாம். அவருக்கு வேண்டியது அது ஒண்ணுதான். வாசல் கேட்டுப் பக்கத்துல உக்காந்து, போறவன் வர்றவனையெல்லாம் மறுபடி திட்டணும்.

அதுவரைக்கும் திட்டுக்கு நான் இருந்தேன். என் கம்பெனி லாக்-அவுட். பொண்டாட்டி டீச்சர். கட்டு மாத்துற வேலை என் தலையில விழுந்துச்சு.

"கை கழுவினீங்களா மாப்ள?"

"சோப்புப் போட்டுக் கழுவினேன் மாமா."

"நம்ப முடியாது. மறுபடி கழுவுங்க."

ஈரத்துணி வெச்சுப் புண்ணை ஊறப்போடச் சொல்றானே, இவன்லாம் என்ன டாக்டர்னு எனக்கு நெனப்பு. ஷேவிங்ல வெட்டினாகூட நான் தண்ணி படாமத்தான் பாத்துப்பேன். அதனால பொண்டாட்டி கெளம்பினதும் கட்டைப் பிரிச்சு, பவுடர் தூவி, டேபிள் ஃபேனை ஃபுல் ஸ்பீடுல வெச்சேன்.

"ஜில்லுனு இருக்கா மாமா?"

"அங்க எனக்கு உணர்ச்சியே இல்லய்யா. உங்களுக்கு மண்டையில இல்லாத மாதிரி."

தெனமும் இப்படித்தான்; அவ வர்றதுக்குள்ள மறுபடி கட்டிடுவேன். ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு டாக்டர் காஸை இழுத்தார். ஒட்டிக்கிட்டு வரல. சொட்டச் சொட்ட நனைச்சு எடுத்துப் பாத்தா, செவப்புக்குப் பதிலா கறுத்த பொருக்கு.

"யாரு இதைக் காய வெச்சது?"

என் பொண்டாட்டி என்னைப் பாத்தா. அப்புறம் ரொம்ப நாள் பாக்கவே இல்ல.

ஆபரேஷன் கேன்சல். திரும்ப வெட்டி, திரும்ப ஈரக்கட்டு. அவ லீவு போட்டு எல்லாத்தையும் அவளே செஞ்சா. நான் ரூமுக்குள்ள போனா, "என்ன வேணும்?"னு கேப்பா.

ஒருவழியா தெச்சாங்க, சேந்துடுச்சு. மாமனார் வீல்சேர்ல கேட்டுப் பக்கம் வந்து உக்காந்த மொத நாள், பாவம் வேர்க்குதேன்னு டேபிள் ஃபேனைத் தூக்கிட்டுப் போனேன். பால்காரனைத் திட்டிட்டு இருந்தவர் நிறுத்திட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு நான் செத்தாக்கூட, ஃபேன் போட நீங்க வரக்கூடாது மாப்ள."