ஓரிக்கையில் ஜப்பான் புத்தகம் பார்க்கப் போனேன், வயிறெரிந்து திரும்பினேன்

போன ஆனி மாதம் ஒரு புதன்கிழமை இந்தப் பயணம். சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தது. உத்திரமேரூரில் நெல் வியாபாரம் பண்ணுகிறவனுக்கு அது ஈ ஓட்டுகிற காலம். காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, என் கடையில் எடை போடும் சேகர்தான் பற்ற வைத்தான்.

"முதலாளி, சேதி தெரியுமா? ஓரிக்கைல ஜப்பான்காரங்க பழைய புஸ்தகத்த போட்டோ புடிக்கப் போறாங்களாம். நம்ம குமரேசன் அதுக்குப் பணம் குடுக்கறாராம். இன்டர்நெட்ல அவரு பேரு வருமாம்."

குமரேசன் யாரென்று சொல்லிவிடுகிறேன். மார்க்கெட்டில் எனக்கு எதிர்க்கடை. இருவரும் ஒரே லாரியில் மூட்டை இறக்கித்தான் பிழைப்பை ஆரம்பித்தோம். அவன் எலக்ட்ரானிக் தராசு வாங்கிய மாதமே நானும் வாங்கினேன். அவன் ரைஸ் மில் வைத்தான், என்னால் வைக்க முடியவில்லை. அது இன்னும் நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் நெடுநாள் ஆசை என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அப்படி ஆசை எதுவும் கிடையாது. சுத்தமான வயிற்றெரிச்சல்.

காரை எடுக்கவில்லை. என் காரைக் குமரேசன் தெருமுனையிலேயே அடையாளம் கண்டுவிடுவான். ஒன்பதேகாலுக்குக் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். ஓரிக்கைக்கு டிக்கெட் இருபத்தைந்து ரூபாய், தூரம் ஏறக்குறைய அதே அளவு கிலோமீட்டர். மாகறல் தாண்டிப் பாலாற்றுப் பாலம் கடந்ததும் இறங்கத் தயாராகிவிடுங்கள். கண்டக்டர் நிறுத்தச் சொல்ல மறந்தால் நேரே காஞ்சிபுரம்தான்.

ஸ்டாப்பில் ஒரே ஒரு ஆட்டோ நின்றது.

"லைப்ரரியா? ஜப்பான்காரம்மா வந்துகீதே, அதானே? ஏறு நைனா, எண்பது ரூபா."

"ஒரு கிலோமீட்டருக்கு எண்பதாப்பா?"

"அட, இப்பதான் உங்கூர்க்காரர் ஒருத்தர இட்டுனு போய் வுட்டேன். மோதிரம் போட்டவரு. பேரமே பேசல, நூறு குடுத்தாரு."

நானும் நூறு கொடுத்தேன். நீங்கள் அறுபதுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

நூலகம் ஒரு டிரஸ்ட்டுக்குச் சொந்தமான பழைய மாடி வீடு. அங்கே ஜப்பான் புத்தகம் வந்த கதை நம் ஊருக்குப் பொருத்தமானதுதான். அந்தக் காலத்தில் காஞ்சிபுரம் பட்டு வியாபாரி ஒருவர் ஜப்பானின் கோபே துறைமுகத்தில் கடை போட்டிருந்தார். ஜப்பான்காரப் பெண்கள் உடுத்தும் கிமோனோவுக்கான டிசைன் புத்தகங்களை, சேலைக்கு உதவும் என்று வாங்கிச் சேர்த்தார். கூடவே கண்ணில் பட்ட மற்ற புத்தகங்களையும். எல்லாம் மரப்பலகையில் செதுக்கி அச்சடித்தவை, இருநூறு முந்நூறு வருஷப் பழசு. திரும்பி வரும்போது இரண்டு பெட்டி நிறையக் கொண்டுவந்தார். வாரிசுகள் அதை டிரஸ்ட்டிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் சொன்னவர் நூலகர் செல்வராணி. நாற்பது வயதிருக்கும், குரல் உயராமல் பேசுகிற அம்மா. மூன்று வருஷமாக ஜப்பானுக்கு எழுதி எழுதி இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது அவர்தான். வெளிநாட்டு நூலகங்களில் கிடக்கும் தங்கள் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகப் போட, அங்கே ஒரு நிதி இருக்கிறதாம். புத்தகத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. கேமரா, ஆள் கூலி, ஆராய்ச்சி எல்லாம் அவர்கள் செலவு. ஒரே ஒரு நிபந்தனை, படமெடுத்த பிறகு புத்தகம் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஏசி போட்ட ஈரமில்லாத அறை வேண்டும். அந்தச் செலவை உள்ளூரில்தான் புரட்ட வேண்டும்.

எனக்குச் சுரீர் என்றது. அடுத்தவன் வீட்டில் கிடக்கிற தன் புத்தகத்துக்கு ஒரு நாடு பணம் கட்டுகிறது. நம்முடைய ஓலைச்சுவடி எந்தெந்த நாட்டில் கிடக்கிறதோ, அதைத் தேடி நம்மில் எவன் பெட்டி தூக்கினான்?

உள்ளே மேஜையருகில் குமரேசன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே ஜப்பானிலிருந்து வந்த நவோமி என்ற அம்மா. இங்கிலீஷில் பேசினார், செல்வராணி தமிழில் சொன்னார்.

"இன்னா ஏகாம்பரம், பஸ்ல வந்தியா? மூஞ்சில தூசி கீதே," என்றான் குமரேசன்.

"காஞ்சிபுரத்துல வேல. அப்டியே எட்டிப் பாத்தேன்."

"ஆமா ஆமா, எட்டித்தான் பாப்ப நீ."

அவன் கோபத்துக்குக் காரணம் சீக்கிரமே தெரிந்தது. ஒன்றரை லட்சம் தருவதாகச் சொல்லியிருந்தான். பதிலுக்கு ஒவ்வொரு படத்தின் மூலையிலும் 'உபயம்: குமரேசன் ரைஸ் மில்' என்று போட வேண்டுமாம். கோயிலில் டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சத்தை மறைத்துப் பெயர் எழுதுகிறோமே, அந்தக் கணக்கு. நவோமி முடியாது என்றுவிட்டார். பக்கத்தின் மேல் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது, நூலகத்தின் அறிமுகப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி நன்றி உண்டு.

"ஒரு வரிக்கு ஒன்றரை லட்சமா? நான் இன்னா பைத்தியமா?" என்றான்.

இடையில் நவோமி என்னைப் புத்தகம் பார்க்கக் கூப்பிட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் தொட விட்டார். புரட்டினால் காகிதம் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. நாலைந்து டிசைன் புத்தகங்களுக்குப் பிறகு, பலவகைத் தொழில்களைப் படம் போட்டுக் காட்டும் புத்தகம் ஒன்று வந்தது. ஒரு பக்கத்தில் என் கை நின்றுவிட்டது.

அரிசிக் கடை. வைக்கோல் மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. கடைக்காரன் ஒரு மூங்கில் குழாயை மூட்டையில் குத்தி, வழிகிற அரிசியை உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கிறான். மூட்டையைப் பிரிக்காமல் சாம்பிள் எடுக்க நாம் வைத்திருக்கும் குத்தூசியேதான், இரும்புக்குப் பதில் மூங்கில். சந்தேகத்தோடு கட்டை விரலால் அரிசியைத் தள்ளுகிறானே, நானும் அப்படித்தான் தள்ளுவேன். என்றைக்கோ செத்துப்போன எவனோ ஒரு அரிசிக்காரனுக்குப் படம் இருக்கிறது. அவனைப் பாதுகாக்கக் கடல் தாண்டி ஆள் வருகிறது. நான் மூட்டை தூக்கின காலத்துக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோகூடக் கிடையாது. சொன்னால் சிரிப்பீர்கள், அந்தக் காகித மனுஷன் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது.

என் தோளுக்கு மேலாகக் குமரேசனும் பார்த்துவிட்டான். "அடடே! அரிசி பாத்துகினு உக்காந்துகிறது நானு. பக்கத்துக் கட தட்டி வழியா ஒருத்தன் எட்டிப் பாக்கறான் பாரு, அது நீ."

படத்தில் நிஜமாகவே அப்படி ஒருவன் இருந்தான். நவோமிக்கு மொழிபெயர்த்துச் சொல்லிச் செல்வராணியும் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் குமரேசன் எழுந்து, "எனக்கு இது சரிப்படாதும்மா," என்று செருப்பு மாட்ட வாசலுக்குப் போனான். செல்வராணி முகம் சுண்டிவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் நவோமி நூலகங்களின் பட்டியலை அனுப்பியாக வேண்டும். அறைக்குப் பணம் போட ஆள் இல்லையென்றால் ஓரிக்கை கழன்றுவிடும், அந்த நிதி வேறொரு நாட்டு நூலகத்துக்குப் போய்விடும். மூன்று வருஷ உழைப்பு வீண்.

நான் வந்ததே அவன் இடத்தைப் பிடிக்கத்தான். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், அவன் வேண்டாமென்றதும் எனக்கும் சப்பென்று போய்விட்டது. அடுத்தவன் கழித்த சரக்கை வாங்காதே என்பது மார்க்கெட்டில் என் சட்டம். நானும் எழுந்துவிட்டேன்.

செல்வராணி கெஞ்சவில்லை. நேரே வாசலுக்குப் போய் அவனிடம், எனக்குக் கேட்கிற மாதிரியே பேசினார்.

"பரவால்லண்ணே, நீங்க கெளம்புங்க. ஏகாம்பரம் அண்ணன் ரூமப் பாத்துட்டு இருக்காரு. கடைசில ஒரு வரி ஒருத்தர் பேர்ல வந்தாப் போதும் எங்களுக்கு."

நான் எந்த ரூமையும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குமரேசன் மாட்டின செருப்பைக் கழற்றிவிட்டான்.

"எவ்ளோ தர்றானாம்?"

"அத அவரே சொல்லுவாரு."

"ஏசி முழுசா என்னுது," என்றேன். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவன் மறுபடி உள்ளே வந்ததைப் பார்த்ததும் சரக்கு நல்ல சரக்காகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"அப்போ இன்வெர்ட்டரு என்னுது. மூணு வருஷத்துக்குக் கரண்ட் பில்லும் என்னுது. ஏசி வாங்கறது எவனாலயும் ஆவும், அத ஓட்டிக் காட்டணும்."

"ஈரம் உறிஞ்சற மெஷினும் நானே போடறேன்."

"போடேன். அதுவும் என் கரண்ட்லதான் ஓடும்!"

கால் மணி நேரத்தில் முடிந்தது. நாற்பது வருஷத்தில் எத்தனையோ தரகர்களைப் பார்த்திருக்கிறேன், செல்வராணி மாதிரி ஒருத்தர் என் கடைக்குக் கிடைத்திருந்தால் நானும் ரைஸ் மில் வைத்திருப்பேன். நாலரை மணிக்கு நவோமி மெயில் அனுப்பினார். ஓரிக்கை பட்டியலில் இருக்கிறது. செல்வராணி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். நன்றி வரியில் குமரேசன் பெயர்தான் முதலில் வருமாம், பணம் தருவதாக அவன் எழுதிய கடிதம் முதலில் வந்ததால். கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: திங்கள் முதல் வெள்ளி வரை, பத்திலிருந்து நாலரை. ஆதார் நகல் ஒன்று, பென்சில் ஒன்று. பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எண்ணெய்ப் பலகாரம் தின்ற கையோடு போகாதீர்கள். புகைப்படம் எடுக்க விடமாட்டார்கள், ஆனால் வேலை முடிந்ததும் அத்தனை பக்கமும் உங்கள் போனிலேயே சும்மா கிடைக்கும். பட்டு நெசவு செய்கிறவர்கள் அந்த டிசைன் புத்தகங்களுக்காகவே போகலாம். மொத்தத்தில் எனக்குப் போக வர நூற்றைம்பதும், வாய்க்கொழுப்புக்கு எழுபதாயிரத்துச் சொச்சமும் ஆயிற்று.

கிளம்பும்போது நவோமியிடம் கேட்டேன். "எங்க ஓலைச்சுவடி வெளிநாட்டு லைப்ரரிங்கள்ல கிடந்தா, இதே மாதிரி யாராவது படம் எடுப்பாங்களா?"

"தாராளமாக எடுக்கலாம். உங்கள் ஊரில் யாராவது பணம் போட்டால்," என்றாராம். செல்வராணி அதைத் தமிழில் சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் குமரேசனும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

பஸ்ஸில் முழுக்க அதே யோசனை. ஜப்பான்காரன் செய்கிறான், நம்மால் ஏன் முடியவில்லை? என்னால் முடியும். ஆனால் தனியாக முதல் ஆளாக இறங்குகிற மனசு எனக்குக் கிடையாது, அதை மறைக்கவும் விரும்பவில்லை. குமரேசன் இந்தப் பதிவைப் படிப்பான் என்று தெரியும். அவன் ஒரு ரூபாய் போடட்டும். அடுத்த நாள் காலை நான் இரண்டு ரூபாயோடு நிற்பேன்.