இறால் பண்ணையின் கட்டு

வெள்ளம் வந்த காலையில் என் சின்ன மகளை அலுமாரிக்கு மேல் ஏற்றி உட்கார வைத்தேன். தண்ணீர் என் இடுப்பைத் தாண்டியிருந்தது. வள்ளம் வரும்வரை அவளுடைய கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போதும் வானம் கறுத்தால் அவள் சாப்பிடுவதில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், கடலோரக் களப்பில் போய் விழும் ஓடை இருக்கிறது. மாரி தொடங்கும் முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஊர் ஆண்கள் மண்வெட்டியோடு இறங்கி அதைத் துப்புரவாக்குவார்கள். பெண்கள் கஞ்சி காய்ச்சிக் கொடுப்போம். களப்போரம் இறால் பண்ணை வந்து, அதன் மண்கட்டு ஓடையின் வாயை அடைத்த பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை. இந்த முறையும் கட்டு வரைக்கும் வெட்டினார்கள். கஞ்சியைக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். கட்டில் யாரும் கை வைக்கவில்லை. பாதி வீடுகளுக்குச் சோறு அந்தப் பண்ணையில்தான். என் கணவர் அங்கே மேற்பார்வையாளர்.

வெள்ளம் வடிந்த பிறகு, நான் படிப்பிக்கும் பாடசாலையில் கூட்டம் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த அதிகாரி சிங்களத்தில் பேச, நான் தமிழில் சொன்னேன். எல்லாவற்றுக்கும் காரணம் காலநிலை மாற்றம் என்றார். அது பொய்யில்லை. வகுப்பில் நானும் அதைப் படிப்பிக்கிறேன். அப்படியொரு மழையை நான் கண்டதுமில்லை. ஆனால் அதே மழை பக்கத்து ஊரிலும் பெய்தது. அங்கே தண்ணீர் அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குள் வடிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ராத்தா பெண்கள் பக்கமிருந்து எழும்பினார்.

"டீச்சர், மழைய அல்லாஹ் தந்தான், சரி. அந்தக் கட்ட ஆரு தந்த? அத வெட்டி உடுவாங்களா எண்டு அதிகாரி மாத்தயாட்ட கேளுங்க."

சிரிப்பு எழுந்தது. முன்வரிசைக் கதிரையில் பண்ணைக்காரரான ஹாஜியார். அவருக்குப் பின்னால் என் கணவர், தரையைப் பார்த்தபடி. ஆனாலும் ஒரு சொல்லும் விடாமல் அதிகாரியிடம் சிங்களத்தில் கேட்டேன்.

இது முழு உலகத்தின் பிரச்சினை, எல்லோரும் மரம் நட வேண்டும் என்றார் அதிகாரி. அதையும் தமிழில் சொன்னேன்.

"மரம் நட்டா கட்டு கரஞ்சி போய்த்திருமா?" என்றார் ராத்தா.

ஹாஜியார் என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். "உலகமே சூடாகுது டீச்சர். என்ட கட்ட வெட்டினா மழ நிக்குமா?"

என்னிடம் பதில் இருந்தது. என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகுதான் என் கணவர் வீட்டுக்கு வந்தார்.

"ஹாஜியார் உங்கள வேலையால நிப்பாட்டிட்டாரா?"

"இல்ல. கோவிக்கவுமில்ல. காலநிலை மாறுதாம், இனி இதவிடப் பெரிய மழ வருமாம். பண்ணைக்குள்ள தண்ணி ஏறாம கட்ட இன்னும் உசத்தணுமாம். என்னத்தான் நிண்டு செய்விக்கச் சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓமெண்டன்." முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனவர் வாசலில் நின்றார். "நாளைக்கு மண் லொறி நம்மட வேலியோரமாத்தான் வரும். புள்ளய வெளிய உடாத."