ஜான்சி மாற்றிய கம்பி

கடலூரில் எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவள் ஜான்சி. வாரத்தில் ஆறு நாள் அண்ணாமலை நகரில் லேப் டெக்னீஷியன் வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்களோடு. நான் டேனி, கீபோர்டு. குழுவில் எல்லாம் தெரிந்தவன் நான்தான் என்று பதினொரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் எங்கள் பாடகர் சவரிராயன் மாமாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் திரும்பி வந்தது, ஆனால் இரண்டு கட்டை இறங்கி வந்தது. பாட்டை இறக்கிக்கொள்ளலாம் என்றோம்.

"எனக்காவ ஒருத்தரும் பாட்டை எறக்க வேணாம். நான் பாடாம நின்னுக்கறேன்" என்று முறுக்கிக்கொண்டார். முப்பது வருடம் பாடிய மனிதர் கடைசி பெஞ்சில் வாயை மூடி உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால், வேலை முடிந்ததும், ஜான்சி கிட்டாரோடு சிதம்பரத்தில் உபைதுல்லா பாய் கடைக்குப் போனாள். காலேஜ் பிள்ளைகளின் கிட்டார்களுக்கெல்லாம் ரிப்பேர் பார்ப்பவர் அவர்.

"ரெண்டு கட்டை எறக்கணும் பாய். சும்மா தளத்துனா தொளதொளன்னு அடிக்குது. கனமான கம்பி போட்டுக் குடுங்க."

பாய் நாலு கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றவில்லை. ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட்டார். புதுக் கம்பி உட்காரக் கழுத்தின் மேல்முனையில் இருந்த பள்ளம் போதவில்லை. சின்ன அரத்தால் இரண்டு இழுப்பு, கம்பியை வைத்துப் பார்ப்பார், மறுபடி இரண்டு இழுப்பு. அகலம்தான் கூடலாம், ஆழம் கூடக் கூடாது என்றார்.

"எறக்கி வெச்சா ஏறக்குறைய பழைய விறைப்புதான், கழுத்து தாங்கும். பழைய சுருதிக்கு ஏத்துனா கழுத்து வில்லு மாதிரி வளைஞ்சிடும், ஜாக்கிரதைம்மா."

"அதான் எனக்கு வேணும்" என்றாள் ஜான்சி. பாய்க்கு ஒன்றும் புரியவில்லை.

திருவிழாவன்று காலை நான் முதலில் கோயிலுக்குப் போனேன். கம்பி மாற்றியது எனக்குத் தெரியாது. கிட்டாரைத் தட்டிப் பார்த்தால் சுருதியே இல்லை. போனில் ஆப்பை வைத்து நாலு கம்பியையும் முறுக்கி ஏற்றிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவே விரலே நுழைகிறது.

"டேனி அண்ணே, ஒங்க கை சும்மாவே இருக்காதா?" என்று கேட்டுக்கொண்டே வந்து, மெல்லத் தளர்த்தினாள் ஜான்சி. பங்குக்கு இருப்பதே அந்த ஒரு கிட்டார்தான். நல்லவேளை, சாயங்காலத்துக்குள் கழுத்து நிமிர்ந்துவிட்டது.

சாயங்காலப் பூசைக்கு முன்னால் ஜான்சி கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

"மாமா, கனமான கம்பி மாட்டிட்டேன். இனிமே பழைய சுருதிக்கு ஏறாது. டேனி அண்ணன் காலையில ஏத்துனாரு, கழுத்தே வளைஞ்சிடுச்சி. நீங்களே கேளுங்க."

கீபோர்டுக்குப் பின்னாலிருந்து பலமாகத் தலையாட்டினேன். என் முட்டாள்தனம் ஒருமுறையாவது சாட்சி சொல்ல உதவியது.

"இவ்வளவு கீழ பாட நம்மகிட்ட வேற ஆளு இல்ல மாமா" என்றாள் ஜான்சி.

"கம்பி வாங்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?" என்று திட்டிக்கொண்டே மைக்குக்கு வந்தார் மாமா. முதல் பாட்டிலேயே நான் இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தேன். கண் கலங்கினால் கீபோர்டுக் கட்டைகள் சரியாகத் தெரிவதில்லை.

பூசை முடிந்ததும் மாமா கிட்டார் பக்கத்தில் வந்து நின்றார். தடித்த கம்பியை விரலால் தடவிப் பார்த்தார்.

"அடுத்த வாரமும் இதே கம்பிதானே?"

"இது அறுந்தாலும் இதையேதான் வாங்குவேன் மாமா" என்றாள் ஜான்சி.