திருமுருகன்பூண்டிக்குப் போய் 1,392 புத்தகங்களை அழித்த கதை

"பூண்டியில் பயிற்சியாமே, எப்படிப் போவது, என்ன எடுத்துப்போவது?" என்று இந்த வாரம் மட்டும் நான்கு நூலகர்கள் போன் செய்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் போனது 2009 ஜூலையில், ஒரு வெள்ளிக்கிழமை. நூலகர்களான நமக்கு வெள்ளிதான் வார விடுமுறை என்பதால் அந்த நாளைப் பிடித்திருந்தார்கள். இருக்கிற ஒரு லீவையும் பிடுங்கிக்கொண்டார்களே என்று நான் முதல் நாளே புலம்பித் தீர்த்தேன்.

விஷயம் இதுதான். திருப்பூர் என்று புது மாவட்டம் பிறந்ததும் ஈரோட்டுப் பக்கத்துக் கிளைகளும் கோவைப் பக்கத்துக் கிளைகளும் ஒன்றாகச் சேர்ந்தன. எல்லாக் கிளைகளின் புத்தகப் பட்டியலையும் ஒரே இணையதளத்தில் ஏற்ற ஒரு தனியார் அறக்கட்டளை முன்வந்தது. பயிற்சி நாளன்று மாலை நான்கு மணிக்குள் எந்தக் கிளையின் பட்டியல் முழுதாக ஏறியிருக்கிறதோ, அந்தக் கிளைக்கு ஒரு கணினியும் ஒரு வருட இணைய இணைப்பும் இலவசம். தாராபுரத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் என் கிளையில் மின்விசிறியே ஒன்றுதான். விடுவேனா? இரண்டு மாதம் உட்கார்ந்து 1,392 புத்தகங்களையும் தட்டச்சு செய்து பென் டிரைவில் போட்டுக்கொண்டேன்.

காலை 6.10-க்கு ஊரில் டவுன் பஸ், நான்கு ரூபாய். தாராபுரத்தில் 6.50-க்குத் திருப்பூர் பஸ், பதினேழு ரூபாய். ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. திருப்பூர் எல்லையில் இருக்கும் கோவில்வழி வரை பறந்து வந்த பஸ், அங்கிருந்து கம்பெனி வேன்களுக்குப் பின்னால் ஊர்ந்தது. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி 8.30. பயிற்சி 9.30-க்கு. பூண்டிக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர்தான். நேராகப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

என் புத்தி பனியன் மொத்தக் கடைகள் இருக்கும் காதர்பேட்டைக்குள் போனது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வீட்டுக்காரருக்கு நான்கு பனியன் வாங்காமல் போவதா? கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். "நாலு பீஸெல்லாம் இல்லீங்க, டஜனாத்தானுங்க குடுப்போம். உள்ள வாங்க, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். பேரம் பேசினேன். பன்னிரண்டு பனியனோடு அவிநாசி பஸ்ஸில் ஏறியபோது மணி 9.25. பூண்டியில் இறங்கி, சிலை செதுக்கும் பட்டறைகளைத் தாண்டி, பயிற்சி நடந்த நிட்டிங் கம்பெனியின் மாடிக்கு மூச்சிரைக்க ஏறினால் மணி 10.05. முதல் அரை மணி நேரத்தில் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

பதினான்கு கணினிகள், பதினான்கு நூலகர்கள். பக்கத்து நாற்காலியில் சரஸ்வதி. அவிநாசிக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள ஒரு கிராமக் கிளையின் நூலகர், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். 2,310 புத்தகங்களை நான்கு மாதமாக, நூலகம் பூட்டிய பிறகு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, நேராக அந்தத் தளத்திலேயே ஏற்றி முடித்திருந்தார். "ராத்திரிக்கு விரலை மடக்க முடியாதுங்கக்கா" என்று சிரித்தார். மில் ஹாஸ்டல் பெண்கள் அஞ்சல்வழியில் படிக்கிறார்களாம், கணினி வந்தால் விண்ணப்பம் போடக் கோவை வரை அலைய வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாராம்.

11.30-க்கு என் பென் டிரைவைச் செருகினேன். திரையில் 'கிளை எண்' என்று ஒரு கட்டம். வெறுமையாக விட்டேன். நம் பதிவேட்டில் அப்படி ஒரு கட்டமே கிடையாதே! ஒரு கிளை, ஒரு பதிவேடு, முதல் புத்தகத்துக்கு எண் ஒன்று. பன்னிரண்டு வருடப் பழக்கம். ஆனால் எல்லாக் கிளையிலும்தான் ஒன்றாம் எண் புத்தகம் இருக்கிறது. கட்டத்தை வெறுமையாக விட்டால் அந்தத் தளம் அதை முதல் கிளையின் பட்டியலாக எடுத்துக்கொண்டு, அதே எண்ணில் ஏற்கெனவே இருக்கும் புத்தகத்தை அழித்துவிடுமாம். முதல் கிளை சரஸ்வதியுடையது. காலையில் பயிற்றுநர் தினேஷ் இதைத்தான் மூன்று முறை சொன்னாராம். நான் அப்போது பஸ்ஸில் பனியனைப் பிரித்துத் தையல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

12.40-க்கு, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரம், சரஸ்வதி சத்தம் போட்டார். "தினேஷ் சார், என்ற புக்கெல்லாம் காணோமுங்க! 214-ம் நம்பரு பட்டுப்புழு வளர்ப்பு. இங்க தென்னை உர மேலாண்மைன்னு வருதுங்க!"

தென்னை உர மேலாண்மை என் 214. தினேஷ் குனிந்து பார்த்துவிட்டு, "சர்வர் பிரச்சினை போல இருக்கு மேடம்" என்றார். சென்னைக்குப் போன் போட்டார். பழைய நகலை எடுத்துத் தர திங்கட்கிழமை ஆகும் என்றார்கள். நான்கு மணிக்குத் தளம் தானாக மூடிவிடும், யாரும் நிறுத்த முடியாது. சரஸ்வதி எண்ணைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒன்றிலிருந்து 1,392 வரை எதுவுமே அவருடையது இல்லை.

நான் தயிர்சாதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஊரில் எனக்கு வாயாடி என்று பெயர். பஸ்ஸில் ஐம்பது பைசா சில்லறை தராவிட்டால் ஊரைக் கூட்டுவேன். அன்று வாயே திறக்கவில்லை. சொன்னால் என் பட்டியலை நீக்கிவிடுவார்கள், என் கணினி போய்விடும். சர்வர் பிரச்சினை என்று அவர்களே சொல்கிறார்களே, நமக்கென்ன என்று உள்ளே ஒரு குரல். சுவர்க் கடிகாரத்தில் 12.55 ஆனது. சரஸ்வதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைங்க மூஞ்சில எப்படீங்க முழிப்பேன்?" என்றார்.

"அது என் புஸ்தகம்" என்றேன். "கிளை எண் போடாம ஏத்திட்டேன். நாந்தான் அழிச்சிட்டேன்."

சரஸ்வதி என்னைத் திரும்பிப் பார்த்தார். தினேஷ்தான் முதலில் பேசினார். என் பட்டியலை உடனே நீக்கிவிடலாம், மீண்டும் ஏற்றச் சென்னை அனுமதி வர வேண்டும். ஆனால் அவருடையதை மறுபடி தட்டச்சு செய்துதான் ஆக வேண்டும். "பதிவேடு எங்கே?" என்றேன். பூட்டிய நூலகத்தில். சாவி சரஸ்வதியின் கைப்பையில்.

ஆட்டோ, போய் வர நூற்றிருபது ரூபாய், நான் கொடுத்தேன். "ஏனுங்க, இன்னிக்கு வெள்ளிக்கெழம, லைப்ரரி லீவுங்களே?" என்றார் டிரைவர். "ஓட்டுங்கண்ணே" என்று கத்தினேன். நூலகத்தில் சரஸ்வதி பதிவேட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பதிவேடு வாசலைத் தாண்டக்கூடாது என்பது நமக்கெல்லாம் தெரியும். ஒரு தாளில் 'என்னால் எடுத்துச் செல்லப்பட்டது' என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்திட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளைப் பதிவேடு இருந்த இடத்தில் வைத்துப் பூட்டினார்.

1.40-க்குத் திரும்பினோம். கம்பெனி ஆபீஸில் ஜெராக்ஸ். 56 பக்கங்கள், ஆளுக்கு நான்கு. நாற்பதாவது பக்கத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் மெஷின்களுக்குத்தான், மாடிக்கு இல்லை என்றார் சூப்பர்வைசர். கெஞ்சினேன், அப்புறம் சண்டை போட்டேன். 2.20-க்கு லைன் கொடுத்தார்.

பிறகு யாரும் நிமிரவில்லை. ஒற்றை விரலால் எழுத்துத் தேடுகிறவர்கள்கூட வேர்த்துக் கொட்டத் தட்டினார்கள். 3.35-க்குத் தினேஷ் என்னிடம் குனிந்து, "சென்னையில சரின்னுட்டாங்க, உங்க லிஸ்ட்டை ஏத்தட்டுமா மேடம்? ஆனா பத்து நிமிஷம் மத்தவங்க யாரும் சேமிக்க முடியாது" என்றார். வேண்டாம் என்றேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற பதின்மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிப் புத்தகம் 3.54-க்கு ஏறியது. கைதட்டினார்கள். மீதி ஆறு நிமிடத்தில் என்னுடையது ஏறாது. நான்கு மணிக்குத் திரை மூடியது. பொய் சொல்ல மாட்டேன், வயிறு எரிந்தது.

பஸ் நிறுத்தத்தில் சரஸ்வதி பதிவேட்டோடு வந்து பக்கத்தில் நின்றார். "புக்கு பூராவும் வந்துருச்சுங்கக்கா. தப்பு எல்லாருக்கும் வரும், அது பரவாயில்லீங்க. நான் அழுதுட்டிருந்தப்ப கால் மணி நேரம் சும்மா உக்காந்திருந்தீங்களே. அதுதானுங்க ஆற மாட்டேங்குது." அவிநாசி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

இனி போகிறவர்களுக்கு. காதர்பேட்டையைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள், கடைகள் எங்கும் ஓடிப்போகாது. ஒன்பது மணிக்குள் அவிநாசி பஸ்ஸில் ஏறிவிடுங்கள். கிளை எண்ணைப் பென் டிரைவிலேயே ஒட்டி வையுங்கள். தளத்தில் நேராக ஏற்றுகிறவர்கள் தனியாக ஒரு நகல் வைத்திருங்கள். மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை கரண்டை நம்ப வேண்டாம். பட்டியல் ஏறாத கிளைகளுக்கு அடுத்த சுற்று உண்டு என்கிறார்கள், என் பென் டிரைவ் தயாராக இருக்கிறது.

இதைப் பதிவேற்றும் முன் சரஸ்வதிக்குப் போன் செய்தேன். கணினி வந்துவிட்டதாம், பின்னால் பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. உங்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க" என்றார். "அந்தக் கால் மணி நேரத்தையும் விடாம எழுதுங்க."