கடைசியாக வருபவருக்கே கப்பு

சுரங்கத்து ஷிப்ட் பஸ்ஸோடு யாராவது பந்தயம் விடுவார்களா? என் சித்தி விட்டாள். அம்மாவின் தங்கை. சொந்த ஊரான வளையமாதேவியில் பிளஸ் டூ முடித்த கையோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து தங்கியிருந்தாள். அவளை மேற்கொண்டு என்ன செய்வது என்று பெரியவர்கள் யோசித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள், பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளிலிருந்து கூடை, கேரியர், மட்கார்டு, பெல் எல்லாவற்றையும் சித்தி கழற்றிவிட்டாள். கனம் குறையணுமாம். மிச்சம் இருப்பதையும் கழற்றிவிட்டு நடந்தே போயேன் என்றாள் அம்மா.

காலையில் நான் திருப்பத்தில் நிற்பேன். நாய் வந்தால் விரட்ட வேண்டும், பஸ் வந்தால் கை காட்ட வேண்டும். பஸ் திரும்பியதும் சித்தி ஹேண்டில் மேல் குனிவாள். மரங்களுக்கு நடுவே நேராகப் போகும் அந்த ரோட்டில் பஸ்ஸும் அவளும் ஜோடியாகப் போவார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். இவள் நிஜமாகவே நம் வீட்டில்தான் படுத்துத் தூங்குகிறாளா என்றிருக்கும். ஹெல்மெட் போட்டவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் அப்படி எட்டிப் பார்த்தவர்களில் அப்பாவும் இருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து. சித்தி எதையும் மறைக்கவில்லை. பெண்கள் சைக்கிள் ரேஸுக்கு மாவட்ட அணியில் ஆள் எடுக்கிறார்கள், தை கடைசியில் கடலூரில் செலக்‌ஷன், பதினெட்டு வயசு தாண்டினால் சேர்க்க மாட்டார்கள், இந்த வருஷத்தை விட்டால் தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். அப்பா மோவாயைத் தடவினார். நம் குவார்ட்டர்ஸ் பிளாக்கின் பொங்கல் விழாவில் லேடீஸ் சைக்கிள் போட்டி இருக்கிறதே, அதில் ஜெயித்துக் காட்டு, நானே லீவு போட்டுக் கூட்டிப் போகிறேன் என்றார். அப்பா சொன்னால் சொன்னதுதான். அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு.

பொங்கல் விழாவில் பெண்கள் ஏழெட்டுப் பேர் சைக்கிளோடு வரிசையில் நின்றார்கள். மைக் பிடித்தவர் அப்போதுதான் விதியைச் சொன்னார். இது ஸ்லோ ரேஸ், காலை ஊன்றக் கூடாது, கோட்டைத் தாண்டக் கூடாது, கடைசியாக வருபவருக்கே கப்பு. சித்தி கையைத் தூக்கி, பொம்பளைங்களுக்கு வேகமா ஓட்ற போட்டி இல்லீங்களா என்று கேட்டாள். விழுந்து பல்லை உடைத்துக்கொண்டால் நாளைக்கு உன்னை யார் கட்டுவார்கள் என்று அவர் மைக்கிலேயே கேட்டார். மைதானமே சிரித்தது.

சித்தி அப்பாவைப் பார்த்தாள். அப்பா உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினார். மெதுவா, மெதுவா. பாவம், அவருக்கும் அவள் ஜெயிக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

விசில் ஊதியது. மற்றவர்கள் நெளிந்து நெளிந்து நகர, சித்தி குனிந்தாள். அம்மாடி! எதிர்க்கோட்டை அவள் எப்போது தாண்டினாள் என்றே தெரியவில்லை. தாண்டியும் நிற்கவில்லை. மைதானத்து கேட் வழியாக ரோட்டுக்குப் போய்விட்டாள். கடிவாளம் அறுந்துபோச்சு என்று யாரோ கத்தினார்கள், மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் பிளாக்கையே ஒரு சுற்று சுற்றிவிட்டு, மறுபக்கத்து கேட் வழியாக உள்ளே வந்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கியிருந்தாள், முகமெல்லாம் வியர்வை. ஸ்லோ ரேஸ்காரர்கள் இன்னும் பாதி தூரம்கூட வரவில்லை. ஜெயிக்கிற நிலையில் இருந்த பக்கத்து வீட்டு அத்தை, அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் காலை ஊன்றி அவுட்டானாள். அவ்வளவு அழகை அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை. மேடைக்கு ஓடிப்போய், முதலில் வந்தது எங்கள் சித்திதான், கப்பைக் கொடுங்கள் என்று கை நீட்டினேன். ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அப்பா கேட்டார். “அவர் சொன்னது உனக்குக் காதுல விழலையாம்மா?”

“விழுந்துச்சு மாமா. கடைசியா வந்து ஜெயிக்க எனக்கு மனசு வரல.”

அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் சொன்ன சொல் சொன்ன சொல்தான். தை கடைசியும் வந்தது, போனது. கடலூருக்கு யாரும் போகவில்லை.

மறு பொங்கலுக்கு நோட்டீஸ் பலகையில் புதிதாக ஒரு வரி இருந்தது. பெண்கள் வேக சைக்கிள் போட்டி, பள்ளி மாணவியருக்கு மட்டும். நான் பெயர் கொடுத்தேன். அதுதான் என் முதல் ரேஸ். கூடை கழற்றிய அதே சைக்கிள். வரிசையில் போய் நின்றேன். சித்தி சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்காதே, யாரையும் திரும்பிப் பார்க்காதே என்று காதருகே சொல்லிக்கொண்டே இருந்தாள். நீயும் ஓட்டேன் சித்தி, நீதானே ஜெயிப்பாய் என்றேன்.

“எனக்கு வயசாயிடுச்சுடி.”

அவளுக்குப் பத்தொன்பது. நல்ல ஜோக் என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விசில் ஊதிய பிறகும் சிரித்துக்கொண்டேதான் மிதித்தேன்.