நீல நட்சத்திரம்

ஷெல்லடிக்குப் பயந்து ஓடிவந்து நானாட்டான் அகதி முகாமில் இருந்தபோது, வாழ்த்து அட்டை செய்யப் பழக்க கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்தார். எங்கள் கை பட்ட பூப்போட்ட தாள்களையெல்லாம் நாறுகிறதா என்று மூக்கில் வைத்து மணந்து பார்த்த பிறகே ஒட்டுவார். நிவாரண உருளைக்கிழங்கைப் பிளந்து, நட்சத்திரம் செதுக்கி, நீல மையில் தோய்த்து அட்டைகளில் அச்சுக் குத்தினார்.

"அது கறிக்கு வந்த கிழங்கெல்லோ, மிஸ்," என்றாள் அம்மா.

"நாலு கிழங்குதானே! வெளிநாட்டுக்காரர் அட்டையைப் பார்த்தால் மூட்டையாய் அனுப்புவினம்."

பிறகு என்னிடம் திரும்பினார். "உமக்கு என்ன வடிவான கையெழுத்து! 'நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம்' எண்டு எழுதும்."

எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எல்லா அட்டையிலும் எழுதினேன்.

அவர் போனதும் அம்மா அந்தக் கிழங்குகளைக் கழுவிக் கறியாக்கினாள். கறி நீலமாயிருந்தது.

அவரை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது. அவர் சொன்ன புகழ்ச்சி மட்டும் இன்னும் இனிக்கிறது. அதுதான் கூடுதலாகக் குமட்டுகிறது.