கல்லுக்காரர் வீட்டுக் கல்தளம்

முப்பது வருஷமாக ஊரார் வீட்டுக் கல்தளங்களைக் கழுவிக் கழுவிக் கல்லுக்காரர் என்றே பெயர் வாங்கிவிட்ட மனிதர் அவர். அவருடைய வீட்டுப் பின்பக்கம்தான் அந்தத் தெருவிலேயே பார்க்கச் சகிக்காமல் கிடந்தது. வெள்ளையும் பச்சையுமாகப் புறா எச்சம் காய்ந்து கல்லோடு கல்லாக ஒட்டியிருந்தது. நடுவில் மட்டும் ஒரு சாய்வு நாற்காலி அளவுக்குச் சுத்தமான இடம்.

அவருடைய மனைவி கடைசி ஒன்றரை வருஷமும் அங்கேதான் சாய்ந்திருந்தாள். தேநீரோடு வரும் பிஸ்கட்டில் பாதி அவளுக்கு, பாதி புறாக்களுக்கு. அவள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது; பிஸ்கட் நின்றதும் புறாக்களும் வருவதில்லை. துணி கிழிந்த நாற்காலியைத் தூக்கிப் போட்டாயிற்று. புடவைகளை அவள் தங்கை மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். அந்த இடத்துக்கு மட்டும் தலை ஆடவில்லை. காலையில் பல் துலக்கிக்கொண்டே பின்கதவில் நின்று அதைப் பார்ப்பார். அழுகை வராது, ஒன்றுமே வராது. வாய் கொப்பளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

சனிக்கிழமை மச்சினி வந்து நின்றாள்.

"அத்தான், நாளைக்கு உங்க பொண்ணு வர்றா. பேரன் தவழ ஆரம்பிச்சுட்டான், கையில கிடைக்கிறதெல்லாம் வாய்க்குள்ளதான். இது இப்படியே கிடந்தா வாசலோட திரும்பிடுவேன்னு சொல்லிட்டா."

"செஞ்சிடறேன்."

"மூணு மாசமா இதே பாட்டு. ஊரான் வீட்டுக் கல்லுல முகம் பார்க்கலாம், உங்க வீட்டுக் கல்லுல கால் வைக்க முடியல. கக்கூஸ் கழுவுற ஆசிட் இருக்குல்ல, ரெண்டு மூடி ஊத்தினா..."

"ஊத்தித் தொலைச்சிடாதே. சுண்ணாம்புக் கல்லு இது, பொங்கிடும். கறையோட கல்லும் சேர்ந்து போயிடும்."

"அப்பாடி, அத்தானுக்கு வாய் இருக்கு!"

அவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார். நடு இடத்தில்தான் எச்சமே இல்லையே. சுற்றிலும் கழுவிவிட்டு அதை அப்படியே விட்டுவிடலாம். குழந்தைக்கும் கெடுதல் இல்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

முகமூடி போட்டுக்கொண்டார். பழைய செய்தித்தாள்களை வெந்நீரில் நனைத்துக் கறைமேல் பரப்பி அரைமணி நேரம் ஊறவிட்டார். ஊறியதைத் தட்டையான மரத்துண்டால் வழித்தெடுத்தார். சலவைச் சோடாவைக் குழைத்துப் பூசி, நைலான் பிரஷ்ஷால் தேய்த்தார். நாற்காலி இடத்தின் ஓரம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். இப்படி ஓரம் பார்த்துத் தேய்ப்பது அவருக்குப் பழக்கமில்லை. ஒரு கல்லைத் தொட்டால் அந்தக் கல்லின் இணைப்புவரை போய்த்தான் நிறுத்த வேண்டும். பாதியில் விட்டால் விட்ட ஓரமே கறையாகிவிடும். அந்தத் தொழிலில் அதுதான் முறை.

மச்சினி தேநீரோடு வந்து படியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். மாப்பிள்ளையின் புது வேலை, பேரனுக்கு முளைத்த இரண்டு பல், தன் மூட்டுவலி. இவர் "ம்" போட்டுக்கொண்டே தேய்த்தார். ஏழெட்டு "ம்" ஆனபின் குனிந்து பார்த்தார். மனைவியின் தலை சாய்ந்திருந்த பக்கம் இரண்டு கல் முழுக்க, இணைப்புவரை நுரை.

பிரஷ் நின்றது.

"என்னாச்சு அத்தான்?"

"கை போயிடுச்சு."

"ஐயோ, வலிக்குதா?"

"இல்ல."

வாளித் தண்ணீரைச் சாய்த்தார். நுரை ஓடியதும் அந்த இரண்டு கல்லும் மற்றவற்றைப் போலவே வெளுத்துத் தெரிந்தன. கால்மாட்டில் மிச்சமிருந்த துண்டு, இத்தனை நாள் பளிச்சென்று இருந்தது, இப்போது புதுவெள்ளைக்குப் பக்கத்தில் மங்கிப் பழுப்பாகக் கிடந்தது. நாற்காலியின் சாயல் அதில் இல்லை.

"இங்க மட்டும் ஏன் அழுக்கா விட்டுட்டீங்க?" என்றாள் மச்சினி.

அவர் அந்தத் துண்டைப் பார்த்தார். அழுகை வருமா என்று கொஞ்சநேரம் காத்திருந்துகூடப் பார்த்தார். முட்டிதான் வலித்தது.

"விடல. இன்னும் முடியல" என்று பிரஷ்ஷைச் சோடாவில் தோய்த்தார். ஐந்து நிமிஷ வேலை. ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.